துத்தோங்கும் பத்தொன்பது நாள் குழந்தையும்

வெள்ள எச்சரிக்கைக்கு இரண்டாவது சங்கு ஊதியபோதே கிளம்பியிருக்க வேண்டும். அர்னெல் அப்படித்தான் சொன்னான். ரோவெனாதான் மறுத்தாள். வயிற்றில் தையல் இன்னும் ஆறவில்லை. பிறந்து பத்தொன்பது நாளே ஆன மிகாயைத் தூக்கிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நூறு குடும்பங்களுக்கு நடுவே பாய் விரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"போன வருஷமும் இப்படித்தான் ஊதினாங்க. முழங்கால் வரைக்கும் வந்துட்டு வடிஞ்சிடுச்சு" என்றாள்.

மத்தியானம் ஆற்று வெள்ளம் தெருவுக்கு வந்தது. அரை மணியில் வீட்டுக்குள் புகுந்து மாடிப்படியின் நான்காவது படியில் நின்றது. கீழே இறங்கிப் போன அர்னெல், திரும்பி வரும்போது ஒரு கையில் ரொட்டிப் பையும் இரண்டு மத்தி மீன் டப்பாக்களும் வைத்திருந்தான். இன்னொரு கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், நனைந்து எலும்புக்கூடாய்த் தெரிந்த துத்தோங்.

"அதை ஏன் மேல கொண்டு வர்ற?"

"பின்ன? மூழ்கட்டும்னு விட்டுட்டு வரவா?"

துத்தோங் என்றால் அவர்கள் பேச்சில் அடிப்பிடித்த சோறு. நாயின் நிறம் அப்படி. கல்யாணத்துக்கு முன்பே அர்னெல் தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது. ரோவெனா கர்ப்பமாக இருந்த மாதங்களில் அவள் கால்மாட்டில்தான் படுக்கும். ஆனால் குழந்தை வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், மிகாயை ஏந்தியபடி அவள் குனிந்தபோது பல்லைக் காட்டி உறுமியது. அன்றைக்கே அதைக் கீழே படிக்கட்டுக் கம்பத்தில் கட்டினார்கள். அதன் பிறகு அது சரியாகத் தின்னவில்லை. ஞாயிற்றுக்கிழமை அர்னெலின் சித்தப்பா மகன் ஜோமர் வந்து தன் ஊரான புலக்கானுக்கு அதைக் கொண்டுபோவதாகப் பேச்சு. அதற்குள் வெள்ளிக்கிழமையே வெள்ளம் வந்துவிட்டது.

மாடியில் இருந்தது ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, மூலையில் ஒரு வாளி. இருந்த ஒற்றை ஜன்னலுக்குத் திருடனுக்குப் பயந்து இரும்புக் கம்பி அடித்திருந்தார்கள். சாயங்காலம் மீட்புப் படகு ஒன்று அந்தப் பக்கம் வந்தது. படகிலிருந்தவர் கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

"இதை அறுக்க எங்ககிட்ட மிஷின் இல்லையேம்மா. கூரை மேல நிக்கிறவங்களை முதல்ல ஏத்தணும். நாளைக்கு வரோம்" என்று சொல்லி, கம்பி இடுக்கில் நான்கு தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அர்னெல் நாயை ஜன்னல் கம்பியோடு குட்டையாகக் கட்டினான். கட்டிலுக்கும் நாய்க்கும் நடுவே நான்கடிகூட இல்லை. ரோவெனா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். கை மரத்துப்போனது. கீழே விடப் பயம். கண்ணை மூடினால் நாய் அவிழ்த்துக்கொண்டதாகத் தோன்றும், திறந்தால் அது அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் காலையிலும் மழை விடவில்லை. படகும் வரவில்லை. செய்ய ஒன்றுமில்லாமல் நாயையே பார்த்திருந்தவளுக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. மிகாய் அழத் தொடங்கினால் துத்தோங் காதை நிமிர்த்தி எழுந்து நிற்கும், அவ்வளவுதான். உடனே அர்னெல் கயிற்றை வெடுக்கென்று இழுத்து, "ச்சீ, படு!" என்று அதட்டுவான். அதன் பிறகுதான் உறுமல் வரும்.

"அர்னெல், நீ அதைத் திட்டாம இரு கொஞ்ச நேரம்."

"திட்டாம? கடிச்சு வெச்சா?"

"குழந்தை அழும்போதெல்லாம் நீ அது கழுத்தை நெரிக்கிற. அழுகைன்னா அடி விழப்போகுதுன்னுதானே அதுக்குப் படும்?"

அடுத்த முறை மிகாய் அழுதபோது ரோவெனா தன் பங்கு ரொட்டியில் ஒரு துண்டு கிள்ளித் தரையில் போட்டாள். துத்தோங் அதை மோந்து பார்த்தது. தின்றது. அழுகை நின்றதும் அவள் போடுவதை நிறுத்தினாள். மறுபடி அழுகை, மறுபடி ஒரு துண்டு.

"பைத்தியமா உனக்கு? இருக்கிறதே ஆறு ரொட்டி. நீ தின்னாத்தானே பால் ஊறும்?"

"இன்னும் எத்தனை நாள் இதுகூட அடைஞ்சு கிடக்கணுமோ தெரியல. இப்படிப் பயந்துட்டே கிடந்தா ஊறுற பாலும் வத்திடும்."

அர்னெல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சற்றுக் கழித்துத் தன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அவள் மடியில் வைத்தான்.

மிகாயைத் துடைத்த துணியை நாயின் முன்னால் போட்டாள். அது நெடுநேரம் மோந்துவிட்டு, அதன் மேலேயே மோவாயை வைத்துப் படுத்தது. "ஒரு சாண் விடு" என்றாள். அர்னெல் கயிற்றை ஒரு சாண் தளர்த்தினான். அடுத்த அழுகைக்கு இன்னொரு சாண். அன்று முழுக்க அந்த அறையில் நடந்தது இதுதான். வெளியே எதிர்வீட்டுக் கூரையிலிருந்து டோலோ அண்ணன், "உயிரோட இருக்கீங்களா?" என்று கத்துவார். "ரொட்டி இருக்கிறவரைக்கும் இருப்போம்ணே!" என்று அர்னெல் பதிலுக்குக் கத்துவான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அர்னெல் படியில் இறங்கித் தண்ணீரை அளந்துகொண்டிருந்தான். ரோவெனா தன்னை மறந்து தூங்கிப்போனாள். குழந்தை வீறிட்ட சத்தத்தில்தான் விழித்தாள். மிகாய் அவள் பக்கத்தில் கட்டிலில் கிடந்தாள். கட்டிலோரத்தில் துத்தோங் நின்றது. கழுத்தில் கடித்து அறுத்த கயிற்றின் நுனி தொங்கியது.

குழந்தையை வாரியெடுக்கப் பார்த்தாள். கை எழவில்லை.

நாய் குழந்தையைப் பார்த்தது. பிறகு அலமாரி மேலிருந்த ரொட்டிப் பையைப் பார்த்தது. அப்புறம் அவள் உள்ளங்கையில் ஈர மூக்கால் ஒரு முட்டு முட்டி, வாலை ஆட்டியது. அழுகுதே, என் ரொட்டி எங்கே என்பதுபோல.

ரோவெனா சிரித்துவிட்டாள். தையல் சுருக்கென்று இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள், கண்ணில் நீர் வந்தது. ஓடி வந்த அர்னெல் வாசலில் விக்கித்து நின்றான்.

"என்ன ஆச்சு?"

"கூலி கேட்குது. ஒரு துண்டு எடுத்துப் போடு."

மறுநாள் தண்ணீர் வடிந்தது. கீழே முழங்கால் சேறு. புதன்கிழமை வாடகை ஜீப்பில் வந்து இறங்கிய ஜோமர், "எங்கே என் நாய்?" என்றான்.

ரோவெனா துடைப்பத்தை நிறுத்தவில்லை. "உன் நாயா? எப்போலேர்ந்து?"

"அப்போ நான் இவ்வளவு தூரம் வந்தது வெறுங்கையோட போறதுக்கா அண்ணி?"

"வெறுங்கையோட எதுக்குப் போற? கீழ் அறை மெத்தை ரெண்டு ஊறிக் கிடக்கு. உங்க ஊர்லதான் வெயில் அடிக்குதாமே. காயவெச்சுக் கொண்டா."

அவள் துத்தோங்கை முழுசாக நம்பிவிடவில்லை. மிகாய் நடக்கத் தொடங்கும்வரை இரண்டையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட்டதில்லை. குளிக்கப் போனாலும் இரண்டில் ஒன்று அவளோடு வரும். ஆனால் அதன் கழுத்தில் பிறகு கயிறு ஏறவில்லை. ஜோமர் திட்டிக்கொண்டே மெத்தையை ஜீப்பில் ஏற்றியபோது, அது படியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.