பட்டினித் துணை

பஸ் டிரைவருக்குப் பெருங்குடல் கிடையாது. வருடக்கணக்கில் புண்ணாகி ரத்தமாகக் கொட்டிய குடலில் கெட்ட செல்களும் தலைகாட்டவே, அதை அடியோடு எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பையாக மடித்து ஆசனவாய்க்கு மேலே இணைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தன் ரூட்டில் எந்த ஸ்டாப்புக்குப் பக்கத்தில் எந்தக் கழிப்பறை திறந்திருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. கண்டக்டர் அவரை 'இன்ஸ்பெக்டர்' என்றே கூப்பிடுவான்.

இணைத்த இடத்தில் பழைய குடலின் உள்தோல் ஒரு விரல் அகலத்துக்கு மிச்சம் இருந்தது. "அங்கதான் மறுபடி வர வாய்ப்பிருக்கு. வருஷா வருஷம் கேமரா விட்டுப் பாத்தே ஆகணும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்தப் பரிசோதனைக்கு முந்தின ராத்திரியிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும். முதல் தடவை அவர் பட்டினி கிடந்தபோது மனைவியும் தட்டைத் தொடவில்லை. "நீங்க சுருண்டு கிடக்கும்போது எனக்கு எப்படிங்க தொண்டையில இறங்கும்?" என்றாள். அதுவே வழக்கமாகிவிட்டது. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய், சாயங்காலம் அவர் வந்து "ஒண்ணுமில்லையாம்" என்று சொன்ன பிறகுதான் சாப்பிடுவாள்.

போன இரண்டு வருடமும் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. படுத்து, முழங்காலை மடக்கி, இன்னொரு தடவை உடம்பைத் திறந்து காட்ட வேண்டும். பயமும் இருந்தது, அதை வெளியே சொல்ல மனுஷனுக்குக் கூச்சம். டெப்போ ஓய்வறையில் உட்கார்ந்து ஆம்லெட்டும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதே "ஒண்ணுமில்லையாம்" என்றார். இரண்டாவது வருடம் அவள் பசி மயக்கத்தில் இஸ்திரி மேஜை மேல் சாய்ந்து மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள். ஆம்லெட் செரிக்காத வயிற்றோடு அவர்தான் மருந்து போட்டுவிட்டார்.

இந்த வருடம் ரத்தம் தெரிந்தது. மறைக்க முடியவில்லை, அவளும் கூடவே வந்தாள். கேமரா பார்த்து முடித்த டாக்டரம்மா கையைக்கூடத் துடைக்காமல் கேட்டார்.

"சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். அது இருக்கட்டும், ரெண்டு வருஷமா எங்க போனீங்க?"

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். திட்டித் தீர்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

ரிசல்ட் வரும்வரை வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. மறுவாரம் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். "பையோட உள்தோல் போகப் போகப் பெருங்குடல் மாதிரியே ஆயிட்டு வருது. பல பேருக்கு அப்படி ஆகும், அதனால பயம் இல்ல."

"அப்போ குடல் திரும்ப முளைக்குதுங்களா?" என்றார் டிரைவர். அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு நப்பாசை.

"முளைக்கலை, வேஷம் மாத்துது. கவலை அந்த ஒரு விரல் தோல்லதான். செல்லெல்லாம் மாற ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கேன்சர் ஆகலை. அதை உரிச்சு எடுத்துடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவருக்கு அழுகை முட்டியது. "தப்புதான். உன்னைப் பட்டினி போட்டுட்டு நான் தின்னேன்."

"நான் பசிக்காக அழலைங்க" என்றாள் அவள். அப்போதுதான் அவளும் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. "ஒண்ணுமில்லைன்னு நீங்க சொன்னீங்களே, ரெண்டு வருஷமும் நிம்மதியா தூங்கினேன்."

தோலை உரித்தெடுத்து, காயம் ஆறி, ஆறு மாதம் கழித்து மறுபடி கேமரா. விடிந்ததும் அவர் காலி வயிற்றோடு சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். மனைவி அவர் எதிரிலேயே தட்டு நிறைய எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தழும்பேறிய கையால் நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்து செருப்பை மாட்டினாள்.

"சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கணும்ல, அதான் சாப்பிட்டேன். இனிமே டாக்டரம்மா சொல்றதை நானே என் காதால கேட்டுக்கறேன். கிளம்புங்க."