எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு படம்

அவளுக்குத் தூக்குக்குண்டு என்று பேர் வைத்தது அவளுடைய அண்ணன். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாரே, அந்தக் குண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். அந்த வியாதிக்குத் தகுந்த வேலையும் அமைந்துவிட்டது. கட்டடங்களைப் படம் எடுக்கிறாள்.

அண்ணி ஆர்க்கிடெக்ட். இத்தனை வருஷம் அடுத்தவர் அலுவலகத்தில், அடுத்தவர் பேருக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள், முதல்முறையாகத் தன் பேரில் ஒரு கட்டடம் எழுப்பியிருந்தாள். குழந்தைகள் மருத்துவமனை, நாலு மாடி, முகப்பு முழுக்கக் கரும்பலகை நிறம், உச்சியில் ஒரு பெரிய வட்ட ஜன்னல். இளம் ஆர்க்கிடெக்டுகளுக்கான பரிசுக்கு அதை அனுப்ப வேண்டும். முகப்பின் படம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது. பரிசு கிடைத்தால் அண்ணி தனி அலுவலகம் போடலாம். கிடைக்காவிட்டால் பழைய மேஜைக்கே போய்க் குனிய வேண்டியதுதான்.

சதி செய்தது தெரு. எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய தெரு. கீழே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் மல்லாக்க விழப்போவதுபோல் பின்னால் சாய்ந்தது. அதற்கென்றே தூக்குக்குண்டிடம் ஷிப்ட் லென்ஸ் இருந்தது. கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் சுவர்கள் நேராக நிற்கும். அதுவும் மூன்றாவது மாடியோடு மூச்சு வாங்கி நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் சாய்த்தே எடுத்து, கம்ப்யூட்டரில் இழுத்து நேராக்கினாள். சுவர் நேரானது, உச்சி மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் வட்டமாதானே வரைஞ்சேன்? இது என்ன, கோழி போட்டதா?” என்றாள்.

வழி ஒன்றுதான் இருந்தது, அது இருவருக்கும் தெரியும். கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏறி நேர் எதிரே நின்றால் அண்ணாந்து பார்க்கவே வேண்டாம். லென்ஸை மேலே நகர்த்தி ஒரு படம், கீழே நகர்த்தி ஒரு படம், இரண்டையும் ஒட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும். ஆனால் பாதி உயரத்தில், நேர் எதிரே இருந்தது தையல்காரம்மாவின் மாடி. கட்டட வேலை நடந்தபோது வெள்ளைச் சீருடைத் துணியெல்லாம் சிமெண்ட் தூசியாகிவிட்டது என்று அந்த அம்மாள் தெருவில் இறங்கிக் கத்த, அண்ணியும் சளைக்காமல் பதிலுக்குக் கத்தினாள். செத்தாலும் உங்கள் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சபதமே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

தூக்குக்குண்டு தனியாகப் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். படம் எடுப்பதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் கேட்க வேண்டியவர் வந்து கேட்கட்டும் என்றார்.

அண்ணி வந்தாள். பரிசு என்றால் ரோஷம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடத்தான் செய்யும். படியேறும்போது அவள் முகம் விளக்கெண்ணெய் குடித்த குழந்தையின் முகமாக இருந்தது. தூசிக்கு மன்னிப்புக் கேட்டாள். தையல்காரம்மா அதை எதிர்பார்க்கவில்லை. ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினைத் தானே தள்ளி இடம் கொடுத்தார்.

தூக்குக்குண்டு இதுவரை எடுத்ததிலேயே அதுதான் நேரான படம். ஒரு கோடுகூட அவளை உறுத்தவில்லை. அண்ணி கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நன்றிக்காகத் தூக்குக்குண்டு தையல்காரம்மாவையும் மெஷினில் உட்கார வைத்து ஒரு படம் எடுக்கப் போனாள். ஓடுகிற கை மங்கலாக விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி மங்கல். நேரம் நடுப்பகல், இடம் ஜன்னலோரம். கேமரா மட்டும் பொழுது சாய்ந்துவிட்டது என்று பிடிவாதம் பிடித்தது.

“இங்க வெளிச்சமே இல்லையேம்மா. இதுல எப்படித் தைக்கிறீங்க?”

“வெளிச்சத்துக்கு என்ன கேடு? எனக்குக் கண்ணு போச்சு,” என்றார் தையல்காரம்மா.

ஒன்றரை வருஷமாகவே அப்படித்தானாம். கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியாயிற்று. வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கறுப்புத் துணி வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார். வருகிற வாரம் மெஷினை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். தூசி, சத்தம் என்று ஊரைக் கூட்டியவர் இதை வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. கண் போனதற்கு யாரோடு போய்ச் சண்டை போடுவது?

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்க் கட்டடம் மாடி மாடியாக எழும்பியதும் அந்த ஒன்றரை வருஷத்தில்தான்.

தூக்குக்குண்டு ஓர் ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்துக்கொண்டு அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாள். அண்ணியும் பின்னாலேயே வந்தாள். மேலே வெயில் கொட்டிக் கிடந்தது. கோத்துப் பாருங்கள் என்றாள். முதல் தடவையிலேயே நூல் உள்ளே போயிற்று. தையல்காரம்மா நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தார். மறுபடி உருவினார், மறுபடி கோத்தார்.

“எங்கண்ணு போகல,” என்றார். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு அழுதார்.

திரும்பிப் பார்த்தால் அண்ணியைக் காணோம். கீழே வந்தபோது மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாடி உயரக் கறுப்புச் சுவர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. காகிதத்தில் ஆயிரம் தடவை வரைந்தவள், அதை இங்கே உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“உயரத்தக் குறைக்க முடியாது. நிறத்த மாத்தலாம்,” என்றாள். “வெள்ளையடிச்சா வெளிச்சம் திரும்பி இங்கதான் அடிக்கும். இந்தப் படத்த அனுப்பாத.”

தூக்குக்குண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு படம் இனி எப்போது அமையும்? அனுப்பிவிட்டு அப்புறம் வெள்ளையடித்தால் குடியா முழுகிவிடும் என்று சண்டைக்கே போய்விட்டாள்.

“பரிசு வாங்கின நிறத்த அப்புறம் யாரு மாத்த விடுவா? நானே விடமாட்டேன்,” என்றாள் அண்ணி. “எனக்கு என்னைத் தெரியும்.”

கெடு முடிந்தது. அண்ணி பழைய மேஜைக்குத் திரும்பினாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாள், அதை நம்பவும் செய்தாள். மருத்துவமனை டாக்டர் வெள்ளை என்றதும் உடனே தலையாட்டினார். கறுப்பைப் பார்த்துக் குழந்தைகள் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் தயங்கிக்கொண்டிருந்தாராம்.

வெள்ளையடித்துச் சாரம் பிரித்த மறுநாள், புதுப் படம் எடுப்பதற்காகத் தூக்குக்குண்டு கேமராவோடு படியேறினாள். அறை முழுக்க வெளிச்சம். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலைச் சுற்றிலும் வெட்டிப் போட்ட கறுப்புத் துணி. ஜன்னலோரத்தை ஐந்து நிமிஷம் விட்டுக்கொடுத்தால் போதும் என்று கேட்டாள்.

தையல்காரம்மா தலையைத் தூக்கவில்லை. “இப்ப முடியாதும்மா. வெளிச்சம் இருக்கறப்பவே இந்த வக்கீல் கோட்ட முடிக்கணும். ஓரமா உக்காரு.”

தூக்குக்குண்டு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அன்று முழுக்கக் காத்திருக்கச் சொன்னாலும் அவளுக்குச் சம்மதம்தான்.