இலை மக்காத காடு

என் மனைவியின் தங்கை மண் ஆராய்ச்சி செய்கிறவள். எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலாக அவள் சொல்லி எனக்கு நினைவில்லை. அவள் கையில்தான் என் பிழைப்பு மாட்டிக்கொண்டது.

எங்கள் கோழிப் பண்ணையை ஒட்டிக் காடு. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா காட்டைக் கெடுக்கிறது என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். பண்ணையை மூடுவதா வேண்டாமா என்று விசாரணை. மண்ணைச் சோதிக்கும் வேலை அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கே போனது. உறவு என்று சொல்லிப் பார்த்தோம், வேறு ஆளில்லை என்றார்கள். "நம்ம வீட்டுப் பொண்ணு, கைவிட மாட்டா" என்று மனைவி தெம்பாக இருந்தாள். எனக்கு அந்தத் தெம்பு வரவில்லை. பொய் சொல்ல வராத ஜென்மம் அது.

விசாரணைக்கு முந்தின நாள் சாப்பிடும்போது மச்சினி சொன்னாள்.

"அத்தான், பண்ணைப் பக்கத்து மண்ணுலதான் கார்பன் அதிகமா சேர்ந்திருக்கு."

மண் கார்பனைப் பிடித்து வைத்தால் உலகத்துக்கே நல்லது என்று டிவியில் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்போ என் கோழிங்க நல்லதுதான் பண்ணுது!"

"அப்படிச் சொல்ல முடியாது."

"கெட்டதா?"

"அப்படியும் சொல்லிட முடியாது."

"இதுக்குத்தான் இவளை இவ்வளவு படிக்க வெச்சாங்க" என்றாள் என் மனைவி.

விடிந்ததும் மச்சினி என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். முதலில் தொலைவில் ஓரிடம். சருகை விலக்கினால் கீழே எல்லாம் பொடி, வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழை, ஈர மண்வாசம். பிறகு பண்ணைக்குப் பின்புறம் வந்து சருகைக் கிளறினாள். போன வருடத்து இலை. அதற்குக் கீழே அதற்கு முந்தின வருடத்து இலை. அதற்கும் கீழே இன்னும் பழசு, நரம்புகூட அழியாமல். இழையும் இல்லை, வாசமும் இல்லை.

"அம்மோனியா, மழையோட நைட்ரஜனா இங்க இறங்குது. அது அளவு மீறினதும் இலையை மக்க வைக்கற பூஞ்சை ஒதுங்கிடுச்சு. மக்கலைன்னா கார்பன் வெளிய போகாதே. அதான் கூடியிருக்கு."

"பண்ணையை மூடிட்டா?"

"பூஞ்சை திரும்பி வந்து இதையெல்லாம் தின்னு கார்பனை வெளிய விடலாம். விடாமலும் போகலாம். தெரியல அத்தான்."

"மூடினாலும் தப்பு, மூடலைன்னாலும் தப்பா? என்னடி படிப்பு இது!"

கோபத்தோடு அந்தச் சருகுக்குள் கையை விட்டேன். கனமாக, இறுகிக் கிடந்தது. பண்ணையில் காலையில் கோழியைத் தூக்கிக் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பார்ப்போம். ராத்திரி தின்றது விடிவதற்குள் செரிக்க இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் இறுகிக் கிடக்கும் கோழி தராசில் எடை நன்றாகவே காட்டும். ஆனால் அது தேறுவது கஷ்டம். இதை அவளிடம் சொன்னேன்.

"கிட்டத்தட்ட" என்றாள். அதையும் முழுசாகச் சொல்ல மாட்டாள்.

விசாரணை அறையில் அதிகாரி அவளுடைய அறிக்கையைப் புரட்டினார்.

"கார்பன் கூடித்தானே இருக்கு? சரியா, இல்லையா?"

"சரிதான், ஆனா..."

"போதும்மா. காட்டு மண் நல்லா இருக்குன்னு எழுதிடறேன்."

மனைவி சந்தோஷத்தில் என் தொடையைக் கிள்ளினாள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், பண்ணை தப்பித்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எது எதற்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஐயா, அந்த மண்ணு நல்லா இல்லைங்க. தின்னது செரிக்காம கெடக்கு."

அவர் பேனாவை நிறுத்தினார். "உங்க பண்ணையை நீங்களே மூடச் சொல்றீங்களா?"

மனைவியைப் பார்த்தேன், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மச்சினியைப் பார்த்தேன், அவளும் விழித்தாள்.

"தெரியலைங்க. தெரியலைன்னே எழுதுங்க. நல்லா இருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க."