வடக்கு பார்த்த குழி

குழி வெட்டியாயிற்று, ஆள்தான் வந்தபாடில்லை. கொட்டாரம் ஊருக்குப் பக்கத்தில், செல்லத்தாயின் வீட்டுக்குப் பின்னால் வாழைகள் முடிகிற இடத்தில், நீளமாக இல்லாமல் கிணறுபோல ஆழமாக ஒரு குழி. ஐயாவழிக்காரர்கள் செத்தவரை எரிப்பதில்லை, படுக்க வைப்பதுமில்லை. குளிப்பாட்டி, நெற்றியில் நாமம் இட்டு, சம்மணம் கூட்டி வடக்கு பார்த்து உட்கார வைப்பார்கள். ஐயா எழுப்புகிற நாளில் எழுந்து வர வேண்டும் அல்லவா. செல்லத்தாயின் புருஷன் அப்படித்தான் அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மகனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று அவள் ஒரே பிடியாக இருந்தாள்.

மகன் ஸ்ரீஜித் வளைகுடாவில் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சடைத்து விழுந்தவன். பெட்டியை அனுப்புகிற கார்கோ கம்பெனி ஒரு நம்பர் கொடுத்திருந்தது. போனில் அந்த நம்பரைப் போட்டால் பெட்டி எங்கே நிற்கிறதென்று சொல்லும். அதைப் பார்ப்பது அவன் தங்கை நந்தனாவின் வேலையாகிவிட்டது. வந்த ஆட்களுக்குக் காப்பி கொடுக்கும்போதுகூடத் தலை நிமிராத பெண். இப்போது வாசலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"எங்க வந்திருக்கான் மக்கா?" என்று அம்மா கேட்பாள்.

முதலில் போன் திருவனந்தபுரம் வந்துவிட்டதாகச் சொன்னது. அதை நம்பித்தான் மாமா நாராயணபெருமாள் ஆளை வைத்துக் குழி வெட்டினார். தோவாளைப் பூச்சந்தைக்கு ஆளனுப்பி மாலையும் வாங்கினார். சாயங்காலம் பார்த்தால் பெட்டி இன்னும் விமானமே ஏறவில்லை. மறுநாள் கொழும்பு. அதற்குப் பிறகு, பதிவு செய்யப்பட்டது என்று ஆரம்பத்திலிருந்தே தொடங்கியது. மாலை தொழுவத்துக் கம்பில் தொங்கி வாடியது. வெட்டின குழி வாயைத் திறந்துகொண்டு தனியாகக் கிடக்கக் கூடாதென்று செல்லத்தாய் தென்னோலையால் மூடி, பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள். பெட்டி வந்துவிட்டது, காகிதங்களோடு வரச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது மாமா திரும்பினார்.

"ஏட்டி, நீயும் ஏறு. ஒனக்குத்தான் அந்த நம்பரு பாக்கத் தெரியும்."

திருவனந்தபுரத்தில், கம்பெனியின் சரக்குக் கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதற்கு முன்னால் கூட்டம். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை வெளியே நிற்கச் சொன்னார்கள். புங்கை மரத்தடியில் மாமாவும் டிரைவர் லிஜினும் நின்றார்கள். நந்தனா போனைத் திறந்தாள்.

டெலிவர்டு என்று இருந்தது. அதற்குக் கீழே, வாங்கியவர் அனில்குமார்.

"மாமா," என்றாள். "டெலிவர்டுன்னு போட்டிருக்கு. அனில்குமார்னு ஒருத்தரு வாங்கிட்டாராம்."

"எவன் அனில்குமாரு? உள்ள இருக்க கிளார்க்கா இருக்கும்." மாமா துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நீ அதப் போயி நம்பிட்டு இருக்கியா? போன வருசம் இவன் போர்வையும் பால்பொடியும் போட்டு ஒரு பெட்டி அனுப்பினான்லா. டெலிவர்டுன்னுதான் சொல்லிச்சு. நான் கட்டிலுக்கு அடியிலகூட தேடினேன். சாமான் வந்தது ஓணமெல்லாம் முடிஞ்சு."

லிஜின் சிரித்தான். "என் செருப்பும் டெலிவர்டுதான் அண்ணாச்சி. நான் வெறுங்காலோட வண்டி ஓட்டிட்டு இருந்தேன்."

"அது நேத்து கொழும்புன்னுச்சு, இன்னைக்கு டெலிவர்டுங்குது. நாளைக்கு அவன் வேலைக்கே திரும்பப் போயிட்டான்னு சொல்லும். போனை உள்ள வையிட்டி."

நந்தனா போனைப் பைக்குள் வைத்தாள். இத்தனை நாள் அது ஊர்ப் பெயரைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னது. ஆள் பெயர் சொன்னதே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். மாமாவும் லிஜினும் அதற்குள் டீக்கடைக்கு நடந்துவிட்டார்கள். பின்னால் போய், இன்னொரு தடவை சொல்லி, இன்னொரு தடவை சிரிக்க வைக்க அவளால் முடியவில்லை. ஜன்னலில் போய்க் கேட்கலாம். அங்கே எல்லாரும் ஆண்கள், எல்லாரும் மலையாளத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியிலேயே நின்றாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது கூப்பிட்டார்கள். தள்ளுவண்டியில் பெட்டி வந்தது. மாமா அதன்மேல் கையை வைத்து, "வந்திட்டியாடே," என்று ஒரு தடவை விம்மினார். லிஜின் ஆம்புலன்ஸின் கதவைத் திறந்தான். தலைமாட்டில் ஒட்டியிருந்த சீட்டை நந்தனா வாசித்தாள். வேறு ஒருவன் பெயர். கொல்லத்து விலாசம்.

"இது அண்ணன் இல்ல," என்றாள். அவ்வளவு சத்தம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

அதன்பிறகு கம்பெனிக்காரர்கள் ஓடினார்கள். காலையில் கொல்லத்திலிருந்து வந்தவர்களுக்கு ஸ்ரீஜித்தின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது, அதன் நம்பரை மிஷினில் காட்டினார்களே தவிர, பெயரை வாசிக்கவில்லை. வாங்கினவர்களும் அழுகையில் வாசிக்கவில்லை. அந்த அனில்குமாருக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஜன்னல்காரன் போனை மேசையில் வைத்து மறுபடி மறுபடி அழுத்தினான். ஒருவழியாக எடுத்து, அந்த ஆள் விஷயத்தைக் கேட்டார்.

"கழிஞ்ஞு," என்றார்.

முடிந்துவிட்டது. நாள்பட்ட உடம்பு, முகத்துணியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். பிரிக்காமலே மின்மயானத்தில் வைத்துவிட்டார்கள். மாமா தரையில் உட்கார்ந்தார். பிறகு நந்தனாவை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொன்னியே மக்கா," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அப்போதே இன்னொரு தடவை சொல்லியிருந்தால், பெட்டி வழியில்தான் போய்க்கொண்டிருந்திருக்கும்.

வெறும் வண்டி வீடு திரும்பியது. மாமா இறங்கவே இல்லை. நந்தனாதான் வாழைகளுக்கு நடுவே நடந்துபோய் அம்மா முன்னால் குந்தினாள்.

"எங்க வந்திருக்கான் மக்கா?"

"எரிச்சிட்டாங்கம்மா."

செல்லத்தாய் அழவில்லை. ஓலை ஒன்று காற்றில் விலகியிருந்தது. அதை இழுத்துச் சரியாக வைத்தாள்.

மறுநாள் அனில்குமார் காரில் வந்தார். நரைத்த மனிதர், மகனைப் பறிகொடுத்தவர். அந்த மகன் இன்னமும் கம்பெனிக்காரர்களின் கூடத்தில்தான் இருந்தான். சிவப்புத் துணி கட்டிய மண்கலயத்தை இரண்டு கையாலும் நீட்டினார். யாரும் அவரை ஏசவில்லை. ஊர்க்காரர்கள் வழி விட்டு நின்றார்கள்.

கலயத்தைக் குளிப்பாட்ட முடியாதென்பதால் செல்லத்தாய் ஈரத்துணியால் துடைத்தாள். குழி மிகவும் ஆழமாக இருந்தது. மாமா உள்ளே இறங்கிக் கையை நீட்டினார். நாமத்தைக் குழைத்து எடுத்த விரலோடு செல்லத்தாய் அப்படியே நின்றுவிட்டாள். கலயத்தை ஒரு சுற்றுத் திருப்பினாள். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல உருண்டை.

"இவனுக்கு மொகம் எந்தப் பக்கம் மக்கா?"

எல்லாரும் நந்தனாவைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் அவன் எங்கே என்று சொன்னவள் அவள்தான். அவள் முன்னால் வந்து, கலயத்தின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இந்தப் பக்கம்," என்றாள், கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "எனக்குத் தெரியும்."

செல்லத்தாய் அந்த இடத்தில் நாமம் இட்டாள். மாமா அதை வடக்கே திருப்பி வைத்துவிட்டு மேலே ஏறினார்.