தியத்தலாவையா, திருகோணமலையா?

ஒரு கடிதம் மட்டும் வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. போ என்றிருப்பேன். அல்லது போகாதே என்று இரண்டு நாள் கத்திவிட்டு, பிறகு போய்த் தொலை என்றிருப்பேன். வந்ததோ இரண்டு. இராணுவம் என் மகன் ஹபீலைப் பயிலிளவல் அதிகாரியாகப் பயிற்சிக்குத் தியத்தலாவைக்கு வரச் சொன்னது. கடற்படை அதே ஹபீலைத் திருகோணமலைக்கு வரச் சொன்னது. இரண்டு இடத்திலும் ஒரே திங்கட்கிழமை காலையில் பெட்டியோடு போய் நிற்க வேண்டும். வராவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் அறிவிக்கவும், இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்போம் என்று இரண்டிலும் எழுதியிருந்தது.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை நின்று ஒரு வருஷம் தாண்டியிருந்தது. சமாதானம் வந்துவிட்டதென்று ரேடியோ சொன்னது. எங்கள் கடைக்குச் சீமெந்து இறக்கும் லொறிக்காரனும் அதையே சொன்னான். எனக்கு இரண்டு பேர் மீதும் நம்பிக்கை இல்லை.

அக்குறணையில், மாத்தளை ரோட்டில், எனக்கு ஹார்ட்வெயார் கடை. பெயின்ட், ஆணி, சீமெந்து, குழாய் எல்லாம் விற்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண் ஹபீல். உயர்தரப் பரீட்சைக்குக் கணிதம் படித்தான். பொறியியல் பீடத்துக்குக் கொஞ்சம் புள்ளி போதவில்லை. சரி, கடைக்கு வா என்றேன். ஆணி நிறுக்கவா இவ்வளவு படித்தேன் என்று வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டான். கண்டியில் படித்த பாடசாலையில் மாணவர் படையான கடெற்றில் சார்ஜன்டாக இருந்த பிள்ளை. எனக்குத் தெரியாமலே இரண்டு படைக்கும் விண்ணப்பம் போட்டு, இரண்டு நேர்முகத்துக்கும் போய், இரண்டிலும் தேறிவிட்டு, கடைசியில் முடிவு கேட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"நீங்க செல்லுங்க வாப்பா. நீங்க செல்ற எடத்துக்கு நான் போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைமயிரை வெட்டு என்று சொன்னால் இரண்டு மாதம் இழுத்தடிப்பவன். இதற்கு மட்டும் வாப்பா சொல்ல வேண்டுமாம்.

"ஒனக்கு எது விருப்பம்?" என்று கேட்டேன்.

"அதுதான் வாப்பா எனக்கும் வெளங்குதில்ல."

உண்மையில் அவனுக்கு விளங்கவில்லைதான். காலையில் தியத்தலாவை என்பான். கடெற்றில் பழகியதுதானே, பேராதனையில் ரயில் ஏறினால் நேரே போய் இறங்கலாம் என்பான். பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது திருகோணமலை ஆகிவிடும். கடற்படையில் எஞ்சினியரிங் பக்கம் போகலாம், கப்பலில் வெளிநாடு பார்க்கலாம் என்பான். சாப்பிட்டு எழும்பும்போது மறுபடியும் தியத்தலாவை. அவன் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலை சுற்றியது. கடையில் ஒருவர் அரை அங்குலக் குழாய் கேட்க, எடுத்துக் கொடுத்தது ஓர் அங்குலக் குழாய்.

என் தங்கச்சி றமீஸா, என்னை நானா என்று கூப்பிடுகிறவள், மடவளையில் இருக்கிறாள். கதை அவள் காதுக்குப் போனதும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"இதுக்கு எனத்துக்கு நானா இவ்வளவு யோசன? இஸ்திகாரா தொழுங்க. அல்லாஹ் காட்டித் தருவான்."

ஒரு காரியத்தில் மனம் தடுமாறினால் இரண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதைக் காட்டித் தா என்று இறைவனிடம் கேட்பதுதான் இஸ்திகாரா. கிதாபில் உள்ளது அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் அதற்கு மேல் தாங்களாகவே கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்கள். தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வருமாம். கனவில் பச்சையோ வெள்ளையோ கண்டால் நல்லது. கறுப்போ சிவப்போ கண்டால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. என் கல்யாணம் முதல் கடைக்கு முன் கதவு வைத்தது வரை எல்லாம் இப்படிப் பார்த்துத்தான் நடந்தது. அதனால் எனக்கும் அந்த யோசனை பிடித்தது. யாராவது சொல்லித் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

ஹபீல் தொழுதான். றமீஸா தன் வீட்டில் தொழுதாள். திகனையில் இருக்கும் என் மச்சினன் ஹாஷிமுக்கு டெலிபோன் போட்டுச் சொன்னோம், அவனும் தொழுதான். நானும் தொழுதேன்.

அடுத்த நாளே றமீஸா திரும்பவும் வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பச்ச கண்டேன் நானா! பெரிய திடலொண்டு, பச்சப் பசேலெண்டு ஈந்திச்சி. ஆமிட உடுப்பும் பச்சதானே? இனி எனத்தயன் பேச்சு? தியத்தலாவதான்."

அவள் வாயை மூடுவதற்குள் ஹாஷிம் தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் கண்டது வெள்ளை. கொடியில் வெள்ளைச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்ததாம், காற்றில் ஆடியதாம்.

"நேவி வெள்ள மச்சான்! இத விட வெளக்கமா எப்பிடிக் காட்டுற? பிங்கா ஓயா ஆறு பெருகினா நம்மட கடைக்குள்ளயே நீந்துற புள்ள. அக்குறணையில பொறந்தவனுக்குத் தண்ணியில எனத்த பயம்?"

இரண்டு பேரும் என் வீட்டு ஹோலில் இருந்துகொண்டு சண்டை பிடித்தார்கள். பச்சைக்கு மரியாதை கூடவா, வெள்ளைக்குக் கூடவா என்று பேச்சு எங்கேயோ போனது. முப்பது வருஷம் பெயின்ட் விற்றவன் நான். கலர்க் கார்டை வாடிக்கையாளர் முன்னால் விரித்து வைத்துவிட்டு எத்தனை குடும்பங்கள் அடிபடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பச்சையும் நல்லது, வெள்ளையும் நல்லது என்றால் இதில் அல்லாஹ் எதை வேண்டாம் என்று காட்டுவான்? சிவப்பு உடுப்பு போடுகிற படை எந்த நாட்டில் இருக்கிறது?

"ரெண்டும் நல்லமெண்டா எனக்கு எனத்துக்கு இந்தக் கனவு?" என்று கத்தினேன்.

ஹபீல் எனத்த கண்டான் என்று றமீஸா கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். ஒன்றும் காணவில்லையாம், அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டானாம்.

"நீங்க நானா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன். கனவில் என் கடைதான் வந்தது. மழைக்கு மூடுகிற தார்ப்பாய், சுருட்டிச் சுருட்டிக் கூரை வரை அடுக்கியிருந்தது. எல்லாம் நீலம்.

ஹாஷிம் தொடையில் தட்டினான். "நீலம் எயார் ஃபோர்ஸ்!"

"அதுக்கு நான் போடவே இல்லயே மாமா," என்றான் ஹபீல்.

"இனிப் போடேலாதா மகன்?" என்று றமீஸா உண்மையாகவே கேட்டாள்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எழும்பி வெளியே போய்விட்டேன். என் மனைவி கைரியா இதெல்லாம் நடக்கும்போது உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டிருந்தாள். எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாள், குடித்த கோப்பைகளை எடுத்தாள். நீ எனத்த கண்டாய் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் தொழுவிக்கும் ஹஸரத்தைப் பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நீலத் தார்ப்பாய்க் கட்டத்தில் தாடியைத் தடவிச் சிரிப்பை மறைத்ததை நான் கவனிக்காமலில்லை.

"கனவு வரணுமெண்டு எங்கயும் இல்ல ஹாஜியார். நிறமும் இல்ல. கேட்டதுக்குப் பொறகு மனசு எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கம் போங்க."

அங்கேதான் சிக்கல். என் மனசு எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆணித் தராசு போல நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். நான் ஓர் இடத்தைச் சொல்லி, அவன் அங்கே போய், சமாதானம் உடைந்து, ஏதாவது ஒன்று நடந்தால்? அந்த 'ஒன்றை' அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. படிப்பைப் பற்றிப் பேசினோம், சம்பளம், ரயில், உடுப்பின் நிறம் எல்லாம் பேசினோம். எனக்குப் பயமாக இருந்தது. நான் சொன்னதாக இருக்கக் கூடாது, அல்லாஹ் சொன்னதாக இருக்கட்டும் என்றுதான் நான் தொழுததே.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டோம். ஹபீல் டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தான். எந்த இடத்துக்கு டெலிபோன் எடுத்து வரமாட்டேன் என்று சொல்வது என்று தெரியாமல் இரண்டு கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். நாலு மணிக்கு ஒபிஸ் மூடிவிடும். நான் குசினிக்குப் போனேன். கைரியா சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ எனத்த கண்டாய்?" என்று கேட்டேன்.

"எனத்த?"

"கனவு. இஸ்திகாரா."

"நான் தொழல்ல."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஊரெல்லாம் தொழுகிறது, பெற்றவள் தொழவில்லையாம். "ஏன் தொழல்ல?"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டா காட்டுவான். காட்டினா சரியெண்டு ஏத்துக்கணும். எனக்கு ஏத்துக்க ஏலா. அதான் கேக்கல்ல."

"ரெண்டுல ஒண்டத்தானே..."

"ஒங்க எல்லாருக்கும் ரெண்டு. இதா, அதாண்டு கேட்டீங்க. ஹபீல்ட வாப்பா, இவன் போகணுமா வாணாமாண்டு ஆராச்சும் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. றமீஸாவும் கேட்கவில்லை, ஹாஷிமும் கேட்கவில்லை. இறைவனிடம் போகும்போதே இரண்டு பதிலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஹபீல் குசினி வாசலில் வந்து நிற்பதை அப்போதுதான் கண்டேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"உம்மா, நீங்க வாணாண்டா நான் ரெண்டுக்கும் போகல்ல," என்றான்.

கைரியா சாரித் தலைப்பில் கையைத் துடைத்தாள். "வாணாண்டு செல்லல்ல மகன். போகாட்டி வாழ்க்க பூரா அந்தக் கடையில மூஞ்சத் தூக்கிட்டு நிப்பாய். எனக்கு அதயும் பாக்க ஏலா." பிறகு, "தியத்தலாவக்கே போ," என்றாள்.

அவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டாள். கடைக்குப் போய்ப் பாண் வாங்கிவா என்பது போல. ஹபீலுக்கும் நம்ப முடியவில்லை.

"ஏன் உம்மா தியத்தலாவ? கடெற்ல ஈந்ததாலயா?"

"எனக்கு கடெற்டும் தெரியா, எஞ்சினியரும் தெரியா."

"அப்ப?"

அவள் திரும்பிக் கழுவிய சட்டியையே மறுபடியும் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாகத்தான் சொன்னாள்.

"கடல்ல பெய்த்தா ஒன்னத் தேடி எடுக்க ஏலா மகன். தரயிலண்டா ஒன்னக் கொண்டு வந்து எங்களுக்குத் தருவாங்க. நம்மட மையவாடியில அடக்கலாம். நான் கிட்டத்துலயே ஈப்பேன்."

படிப்பு, சம்பளம், கப்பல், வெளிநாடு என்று இவ்வளவு நாளும் நாங்கள் எடுத்துப் போட்ட எந்தக் காரணமும் அவள் காரணத்துக்குப் பக்கத்தில் நிற்க மாட்டாது. நாங்கள் இரவெல்லாம் நிறம் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் தனியாக இந்தக் கணக்கைப் பார்த்து முடித்திருக்கிறாள். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

ஹபீல் ஹோலுக்குப் போனான். டெலிபோனை எடுத்துத் திருகோணமலைக்கு அழைத்தான். சிங்களத்தில் பேசினான். பெயரைச் சொன்னான், வர முடியாது என்றான். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருக்க வேண்டும். நேர்முகத்தில் அத்தனை அதிகாரிகளுக்கும் டக் டக்கென்று பதில் சொல்லித் தேறிய பிள்ளை, இதற்குப் பதில் தெரியாமல் நின்றான்.

"அம்மா கெமதி நே, சேர்," என்றான் கடைசியில். அம்மாவுக்கு விருப்பமில்லை.

குசினியில் கைரியா அதைக் கேட்டாள். அவளுக்கும் அவ்வளவு சிங்களம் தெரியும்.

"அது ரெண்டுக்கும்தானே," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

சொல்லிவிட்டு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். நானும் பக்கத்தில் இருந்தேன். திங்கட்கிழமைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று ஹபீல் ஹோலில் இருந்து கேட்டான்.