நேற்றுப் பிடித்த தண்ணீர்

அப்பா குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று எண்ணுவார். உள்ளே அக்கா ஊற்ற ஊற்ற, "அஞ்சு... ஆறு..." ஏழாவது மக்கோடு நிறுத்திவிட வேண்டும். பல் துலக்க ஒரு டம்ளர். பாத்திரம் கழுவிய தண்ணீர் கழிப்பறைக்கு. தெருவே மெச்சிய சிக்கனம்.

அக்காவுக்கு சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் வேலை. வேர்வையில் படிந்த சிமெண்ட் தோலைத் தின்றுவிடும். நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஏழு மக்கில் சோப்பு நுரைகூடப் போகாது. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் புண். "மருந்து போடு" என்றார் அப்பா. போட்டாள். மறுநாள் மருந்தின் மேல் சிமெண்ட்.

இரவு ஷிப்ட் வேலையை விட்ட பிறகுதான், பகலெல்லாம் தூங்கிக் கழித்த நான் கண்ணைத் திறந்து வீட்டைப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வருவது மாலை ஐந்தரைக்கு. நாலரைக்கு அப்பா குடங்களைத் தூக்கிப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். எட்டுக் குடம். பாதிகூடக் குறையாதவை.

"என்னப்பா பண்றீங்க?"

"நேத்துப் பிடிச்சதுடா. புதுசு பிடிக்கக் குடம் காலியா இருக்கணும்ல?"

"தினமுமா?"

"பின்ன? பழைய தண்ணில புழு வைக்கும். வேலைய விட்டுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காத."

மகள் உடம்பு வெந்து கிடக்கிறது. மிச்சம் பிடித்ததையெல்லாம் சாக்கடைக்குத் தாரை வார்த்துவிட்டு இந்த மனிதர் மக்கை எண்ணுகிறார்!

மறுநாள் நாலு மணிக்கே எட்டுக் குடத்தையும் குளியலறையில் அடுக்கி, அதன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அப்பா கத்தினார். நான் அசையவில்லை. ஐந்து மணிக்கு அக்கா வந்தாள், தலைமுதல் கால்வரை சாம்பல் நிறத்தில்.

"என்னடா இது? அவர் என்னைத்தான் திட்டுவாரு."

"திட்டட்டும். எட்டும் உனக்குத்தான். போ."

கதவு சாத்தியதும் அப்பாவின் வாய் தானாக எண்ணத் தொடங்கியது. "ஏழு. எட்டு! ஏய், எட்டு!"

"எண்ணுங்க," என்றேன். "நூறு வரைக்கும் எண்ணுங்க. சாக்கடைல கொட்டுறப்ப ஒரு நாளாவது எண்ணினீங்களா?"

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஐந்தரைக்குக் குழாய் சீறியது. அப்பா பதறினார். "தண்ணி வந்துருச்சு! குடத்தக் குடும்மா!"

கதவு இடுக்கில் காலிக் குடம் ஒன்று நீண்டது. பிடித்திருந்த கையில் சாம்பல் இல்லை. புண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அப்பா குடத்தை வாங்கிக்கொண்டு நின்றார்.

"அடுத்தது?"

"நில்லுங்க," என்றாள் அக்கா உள்ளிருந்து. "அது இன்னும் முடியல."