நலம் விசாரிப்பு

அண்ணன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்ததில் முன்னறை நாற்காலிகள் சரிந்து விழுந்தன. பக்கத்தில் அப்பாவின் உடல் துணி மூடிக் கிடந்தது.

"கொன்னுட்டியேடி! உன் படிப்புதான்டி அவரைக் கொன்னுடுச்சு!"

முதுகில் குத்து விழுந்துகொண்டே இருந்தது. உறவுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்; சாவு வீட்டில் வேறென்ன வேலை.

காலையில் அப்பா அவளை பெல்ட்டால் விளாசிக்கொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்தது. லேத் பட்டறைக்காரரின் கை, லேசில் ஓயாது. ஓங்கிய கை அப்படியே நிற்க, ஆள் சரிந்தார். அந்த நொடி அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. இப்போது முதுகைவிட அதுதான் அதிகம் வலித்தது.

எல்லாம் காலேஜிலிருந்து வந்த போனால். பிள்ளைகள் பாதியில் படிப்பை விட்டுவிடக் கூடாது என்று அங்கே ஓர் ஏற்பாடு. வகுப்புக்கு வராதவர்களின் வீட்டுக்கு ஆலோசகர் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். ஆனால் காலேஜிலிருந்து போன் வந்தாலே மகள் மானத்தை வாங்கிவிட்டாள் என்பது அப்பாவின் முடிவு. விளாசுவார். தழும்பு மறையும்வரை அவள் காலேஜுக்குப் போகமாட்டாள். போகாததால் மறுபடி போன் வரும். அத்தனை அக்கறையாகக் கூப்பிடுகிறவரிடம் கூப்பிடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

செய்தி கேட்டு அந்த ஆலோசகரே வாசலில் வந்து நின்றார்.

"போன் பண்ணது இந்தம்மாதானா?" அண்ணன் நாற்காலியைத் தூக்கி எறிந்தான். கதவில் மோதி நாற்காலியின் கால் முறிந்தது. ஆலோசகர் நகரவில்லை. அவள் கையில் பட்டை பட்டையாகச் சிவந்திருந்ததையே பார்த்தார்.

"நான் கூப்பிடும்போதெல்லாம் இப்படியா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம பண்ணிட்டேனேம்மா. தப்பு என்னுது. ஹாஸ்டல்ல இடத்துக்கு நான் பேசறேன். நீ படிப்பை மட்டும் விட்டுடாதே."

"எனக்குப் படிக்கணும் மேடம்."

அண்ணன் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. "இவ இனி வீட்டுப்படி தாண்டமாட்டா!" அப்பாவின் உடலைத் தூக்குவதற்குள் அவன் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்துவிட்டான். தன் படிப்பு இன்றோடு சரி என்றே அவளுக்குத் தோன்றியது.

காலையிலிருந்து உடலின் கால்மாட்டில் கிடந்த அம்மா எழுந்தாள். மகன் மறுபடி ஓங்கிய கையைப் பிடித்தாள். அவன் உதறினான், முறுக்கினான். அவள் நகம் அவன் தோலில் இறங்கியது.

"இனிமே என் போனுக்குக் கூப்பிடுங்க," என்றாள் ஆலோசகரிடம். "நம்பர் சொல்றேன்."

பிடித்த கையை விடாமல், அறை முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லாத நம்பர். பாதியில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.